முழங்கால் யாருடையது?

2016 டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் உலகம் இரண்டு இளைஞர்களைத் திட்டித் தீர்த்தது. ஒருவர் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் ஃபோர்னெட். மற்றவர் ஸ்டான்ஃபர்டின் கிறிஸ்டியன் மெக்கஃப்ரி. இருவரும் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் இறங்கமாட்டோம் எண்டு சொல்லிவிட்டார்கள். நாலு மாதத்தில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல் புதிய வீரர்களைத் தெரிவுசெய்யும் 'ட்ராஃப்ட்' வரப்போகுது. அதற்கு முன்னால் ஒரு காயம் பட்டால் எல்லாம் போச்சு. அதனால் ஒதுங்கினார்கள். "சுயநலம்", "அணியைக் கைவிட்டவங்கள்", "இந்தத் தலைமுறையே இப்படித்தான்" எண்டு பேச்சு விழுந்தது.

அதே மாதம் 30ஆம் திகதி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேக் பட் ஒரேஞ்ச் பௌல் ஆட்டத்தில் இறங்கினார். தன்னுடைய இடத்தில் ஆடும் கல்லூரி வீரர்களில் அந்த வருடத்தின் சிறந்தவருக்கான விருதை வென்றவர். ட்ராஃப்டின் முன்சுற்றுக்களில் போவார் எண்டு எதிர்பார்க்கப்பட்டவர். அந்த ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. கடைசியில் 5ஆவது சுற்றில், 145ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த காப்புறுதியில் இருந்து 543,000 டொலர் கிடைத்தது. பிறகும் முழங்கால் விடவில்லை. சில ஆட்டங்களோடு 2021இல் ஓய்வு பெற்றார். ஒதுங்கி நின்ற மெக்கஃப்ரி 8ஆவது ஆளாகப் போய், நாலு வருடத்துக்கு 17 மில்லியன் டொலருக்கு மேல் ஒப்பந்தம் செய்தார்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நீதியோடு முடிப்பார்கள்: பாருங்கோ, காப்புறுதி எடுத்தபடியால் தப்பினான். ஆகவே இளம் வீரர்களே, காப்புறுதி எடுங்கோ, நல்ல நிதி ஆலோசகரைப் பிடியுங்கோ, காசை யோசிச்சுச் செலவழியுங்கோ.

எனக்கு இந்த நீதியில் சம்மதம் இல்லை. சம்பளமே இல்லாமல் ஆடிய ஒரு மாணவன், வேறு யாருக்கோ கோடிக்கணக்கில் வருமானம் தரும் ஆட்டத்துக்காக, தன்னுடைய முழங்காலுக்குத் தானே ஏன் காப்புறுதி எடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் காப்புறுதி எடு எண்டு சொல்லுவதே அரைகுறை ஆலோசனைதான்.

ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவருடைய கை இயந்திரத்தில் மாட்டினால் நட்டஈடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. எங்கட நாட்டிலும் வேலையாட்கள் நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அமெரிக்க மாநிலங்களில் அதற்கும் முன்னால். ஆனால் அமெரிக்கக் கல்லூரி வீரருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஏனென்றால் அவர் வேலையாள் இல்லையாம். 'மாணவ விளையாட்டு வீரர்' ஆம்.

இந்தச் சொல் எப்படி வந்தது எண்டு தெரிந்தால் மிச்சக் கதை தானாகவே விளங்கும். 1955இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு ஆடிய ரே டெனிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவருடைய மனைவி நட்டஈடு கேட்டு வழக்காடினார். கணவர் கல்லூரிக்காக ஆடும்போது இறந்தார், ஆகவே இது வேலைத்தள மரணம் என்பது அவருடைய வாதம். 1957இல் கொலராடோ உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஃபுட்போல் அந்தக் கல்லூரியின் தொழில் அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். இப்படியான வழக்குகளுக்குப் பயந்து, 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைத் தாங்களே உருவாக்கிப் புழக்கத்தில் விட்டோம் எண்டு கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏயின் நீண்டகாலத் தலைவர் வோல்டர் பயர்ஸ் 1995இல் தன்னுடைய புத்தகத்தில் எழுதினார். அப்போது அவர் ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

அதாவது, கேட்பதற்கு மரியாதையாகத் தெரியும் அந்தச் சொல் பிறந்ததே நட்டஈடு கொடுக்காமல் இருப்பதற்காக. அது வேலையும் செய்தது. 1974இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கென்ட் வோல்ட்ரெப் அலபாமாவோடு நடந்த ஆட்டத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனார். நட்டஈட்டுக்காக அவர் நடத்திய போராட்டம் 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. அவர் ஊழியர் இல்லை என்பதுதான் தீர்ப்பு. காயம் பட்டு 26 வருடம் கழித்து!

இதற்கிடையில் ஃபுட்போல் தொழில் இல்லை என்ற கதை என்ன ஆனது? 2010இல் ஆண்கள் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றின் ஒளிபரப்பு உரிமையை மட்டும் என்.சி.ஏ.ஏ 14 வருடத்துக்கு 10.8 பில்லியன் டொலருக்கு விற்றது. பயிற்றுநர்களுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம். களத்தில் நின்றவனுக்கோ புலமைப்பரிசில்.

ஆகவே வீரர்களுக்குக் கிடைத்த முதலாவது மோசமான நிதி ஆலோசனை ஏதோ ஒரு களவாணி முகவர் கொடுத்தது இல்லை. கல்லூரி கொடுத்தது: "நீ ஊழியன் இல்லை தம்பி, மாணவன். படிப்புத்தான் உன்ர சம்பளம். மிச்சத்தை நாங்க பாத்துக்கொள்ளுவம்."

மிச்சத்தை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

சாதாரண வீரரிடம் இருந்து தொடங்குவோம். 2005இல் இருந்து என்.சி.ஏ.ஏயின் விதி, களத்தில் இறங்கும் ஒவ்வொரு வீரருக்கும் 90,000 டொலர் வரைக்குமான மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதானே? ஆனால் அதை யார் எடுக்க வேண்டும் எண்டு விதி சொல்லவில்லை. கல்லூரி எடுக்கலாம், அல்லது அம்மா அப்பாவின் காப்புறுதியைக் காட்டலாம். அந்தத் தொகைக்கு மேல் போகும் பேரிடர்க் காயங்களுக்குத்தான் என்.சி.ஏ.ஏயின் சொந்தத் திட்டம். பக்கவாதம், மூளைக்காயம் மாதிரியானவை. ஆனால் கல்லூரி வீரர்களுக்கு அதிகம் வருவது முழங்கால், தோள்மூட்டு, கணுக்கால். படிப்பு முடிந்து ஐந்து வருடம் கழித்து வலிக்கத் தொடங்கும் காயங்கள். படிப்பு முடிந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு எல்லா வீரர்களுக்கும் காப்புறுதி என்ற ஏற்பாடு 2024 ஓகஸ்டில்தான் வந்தது. என்.சி.ஏ.ஏ தொடங்கியது 1906இல்.

அடுத்தது நட்சத்திர வீரர். இவருக்கு 1990இல் இருந்து ஒரு தனித் திட்டம் இருக்கிறது. தொழில்முறை ட்ராஃப்டின் முதற்சுற்றுக்களில் போகக்கூடியவர் எண்டு கணிக்கப்பட்டால், நிரந்தரமாக ஆட முடியாமல் போவதற்கு எதிராகக் காப்புறுதி எடுக்கலாம். அதோடு சேர்த்து 'பெறுமதி இழப்பு'க் காப்புறுதி எண்டு ஒன்று. காயத்தால் ட்ராஃப்டில் கீழே விழுந்து, எதிர்பார்த்த ஒப்பந்தத்தைவிட மிகக் குறைவாகக் கிடைத்தால் வித்தியாசத்தில் ஒரு பங்கு வரும். கட்டுப்பணம், ஒவ்வொரு மில்லியன் டொலர் காப்புக்கும் ஏறத்தாழ 8,000இல் இருந்து 10,000 டொலர்.

இருபது வயதுப் பெடியனிடம் அந்தக் காசு எங்கே? 2014இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன்னுடைய ஒரு நட்சத்திர வீரருக்காக 50,000 டொலருக்கு மேல் கட்டியது. அது மாணவ வீரர்களின் உதவிக்கென இருக்கும் நிதியில் இருந்து போன காசு. அவரை இன்னொரு வருடம் தங்கவைக்க அது தேவைப்பட்டது. 2015 ஜனவரியில் ஐந்து பெரிய லீக்குகள் கூடி இன்னொரு வழியைத் திறந்தன: வீரர் தன்னுடைய எதிர்கால வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்கி இந்தக் காப்புறுதியை எடுக்கலாம். ஒருக்கா நின்று யோசியுங்கோ. சம்பளம் வாங்கினால் குற்றம். ஆனால் சம்பளம் இல்லாத வேலையில் வரக்கூடிய காயத்துக்காகக் கடன் வாங்கலாம், அது சீர்திருத்தம்.

காப்புறுதி ஒருநாளும் வேலை செய்யாது எண்டு சொல்ல வரவில்லை. ஒரெகன் பல்கலைக்கழகத்தின் இஃபோ எக்ப்ரே-ஒலோமு 2014 டிசம்பரில் பயிற்சியின்போது முழங்கால் கிழிந்து, 2015 ட்ராஃப்டில் 241ஆவது இடத்துக்குப் போனார். அவருக்கு 3 மில்லியன் டொலர் கிடைத்தது. என்.எஃப்.எல் பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. அந்தக் காசு இல்லாவிட்டால் நிலைமையை யோசிக்கவே முடியாது.

ஆனால் சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்க்கீஸ் லீயின் கதையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 5 மில்லியன் டொலர் காப்புறுதி, கட்டுப்பணம் 94,000 டொலருக்கு மேல். 2013இல் காயம், 2014இல் ட்ராஃப்டில் 39ஆவது இடம். கோரிக்கை போட்டபோது காப்புறுதிக்காரர் கையை விரித்துவிட்டார்கள். மருத்துவ விபரங்களை முழுதாகச் சொல்லவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். லீ 2015இல் லண்டன் லொய்ட்ஸ்மீது வழக்குப் போட வேண்டி வந்தது. வழக்கில் யார் சரி என்பது எனக்கு முக்கியம் இல்லை. ஒரு பக்கத்தில் 300 வருட அனுபவமுள்ள காப்புறுதிச் சந்தை. மறுபக்கத்தில் ஒரு மாணவன். படிவத்தை நிரப்பும்போது அவனுக்குப் பக்கத்தில் இருந்தது யார்? தொழிற்சங்கம் இல்லை. சம்பளம் கொடுக்கிற நிறுவனத்தின் சட்டத்தரணி இல்லை. எந்தச் சின்ன வீக்கத்தை எழுத வேண்டும், எதை எழுதாவிட்டால் பிறகு ஆப்பு எண்டு சொல்ல ஆளில்லை.

அந்த வெற்று இடத்துக்குள்ளேதான் ஆலோசகர்கள் வருகிறார்கள்.

2017 செப்டெம்பரில் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தை உலுக்கிய ஊழல் வழக்கு ஒரு நிதி ஆலோசகரில் இருந்துதான் தொடங்கியது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த மார்ட்டி பிளேசர். தன்னை நம்பிய விளையாட்டு வீரர்களின் கணக்குகளில் இருந்து 2.35 மில்லியன் டொலரை எடுத்துப் படத்தயாரிப்பு மாதிரியான வேலைகளில் போட்டவர். பிடிபட்ட பிறகு அரசாங்கத்துக்கு ஒத்துழைத்தார். அதில் வெளிவந்தவற்றில் என்னை அதிகம் உறுத்தியது ஓபர்ன் பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்றுநர் சக் பெர்சனின் விவகாரம். தன்னுடைய வீரர்களை இதே பிளேசரிடம் வாடிக்கையாளராகத் தள்ளிவிடுவதற்காக 91,500 டொலர் லஞ்சம் வாங்கியதை 2019இல் அவர் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பெடியன்களின் அம்மாமாருடைய இடத்தில் இருந்து பாருங்கோ. ஆலோசகரைத் தெரியாது. பயிற்றுநரைத் தெரியும். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, "உங்கட பிள்ளையை என்ர பிள்ளை மாதிரிப் பாப்பன்" எண்டு சொல்லிவிட்டுப் போனவர். அவர் காட்டிய ஆளைத்தான் நம்புவார்கள். இதில் யாருக்கு 'நிதி அறிவு' போதவில்லை?

2021 ஜூலையில் இருந்து கல்லூரி வீரர்கள் தங்கட பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் உழைக்கலாம் எண்டு ஆனது. நியாயமான மாற்றம்தான். ஆனால் அதோடு பழைய வெற்றிடம் பெரிதானது. தொழில்முறை ஃபுட்போலில் ஒரு முகவர் வீரரின் ஒப்பந்தத்தில் எடுக்கக்கூடிய உச்ச வீதம் 3. அதை நிர்ணயித்தது வீரர்களின் சங்கம். கல்லூரியில் சங்கமும் இல்லை, நாடு முழுவதுக்குமான உச்சவரம்பும் இல்லை.

விளைவுக்கு ஒரு உதாரணம் போதும். 2022இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜேர்வன் டெக்ஸ்டர் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் இருந்து 436,485 டொலர் வாங்கினார். பதிலுக்கு, என்.எஃப்.எல்லில் 25 வருடத்துக்கு உழைப்பதில் வரிக்கு முன்னால் 15 வீதத்தை அவர்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் சிகாகோ பெயார்ஸ் அணியோடு செய்த முதல் ஒப்பந்தம் ஏறத்தாழ 6.72 மில்லியன் டொலர். கணக்குப் பாருங்கோ: முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு மில்லியனுக்குக் கிட்டப் போகிறது. இரண்டாவது ஒப்பந்தம் பெரிதானால் இன்னும் போகும். 2023 செப்டெம்பரில் அவர் அந்த ஒப்பந்தம் செல்லாது எண்டு வழக்குத் தொடுத்தார்.

"கையெழுத்துப் போட்டது அவன்தானே, வாசிச்சிருக்க வேணும்" எண்டு சொல்லுவது சுகம். ஆனால் அவனுடைய இடத்தில் இருந்து பார்த்தால் அது முட்டாள்தனம் இல்லை. நாளைக்கு முழங்கால் போனால் 25 வருட வருமானமே பூச்சியம். இன்றைக்கு நாலு லட்சம் டொலர் நிச்சயம். காயப் பயத்தை யாரோ ஒருவர் விலைக்கு வாங்குகிறார், அவ்வளவுதான். அது காப்புறுதியின் வேலை. முறையான காப்புறுதி இல்லாத இடத்தில் அதே வேலையைக் கந்துவட்டிக்காரன் செய்வான். இது எங்கட ஆட்களுக்குப் புதுசா? நுண்கடனில் மாட்டிய ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு கல்லூரிகள் சொல்லும் தீர்வு, நிதி அறிவுக்கான பயிற்சிப்பட்டறை. வரி எப்படிக் கட்டுவது, வரவு செலவு எப்படி எழுதுவது. படிக்கட்டும், நல்லதுதான். விளம்பரக் காசில் யாரும் வரி பிடித்துத் தரமாட்டார்கள் என்பது தெரியாமல் வருட முடிவில் திணறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என்.எஃப்.எல் வீரர்களைப் பற்றி 2015இல் பொருளியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஓய்வு பெற்று 12 வருடத்துக்குள் ஏறத்தாழ 16 வீதமானோர் வங்குரோத்து மனுப் போட்டதைக் கண்டது. அதிகம் உழைத்தவர்களும் நீண்டகாலம் ஆடியவர்களும் அதிலிருந்து பெரிதாகத் தப்பவில்லை. ஐந்தாறு வருடத்தில் வரும் காசை வைத்து ஐம்பது வருடம் வாழச் சொல்லும் தொழில் அது. இரண்டு மணித்தியாலப் பட்டறை அதை மாற்றாது.

மாற்றக்கூடியது எது எண்டு வீரர்களுக்கே தெரிந்திருந்தது. 2014இல் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்போல் வீரர்கள் கெய்ன் கோல்டர் தலைமையில் தொழிற்சங்கம் கேட்டபோது, அவர்கள் முன்வைத்த முக்கிய கோரிக்கை சம்பளம் இல்லை, மருத்துவச் செலவு. விளையாட்டால் வந்த காயத்துக்குப் படிப்பு முடிந்த பிறகும் பொறுப்பெடு எண்டு கேட்டார்கள். 2015 ஓகஸ்டில் தொழில் உறவுகள் சபை அந்த வழக்கை விசாரிக்காமல் தள்ளிவிட்டது. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட வீரர்கள் 13க்கு 2 எண்டு சங்கத்துக்கு வாக்களித்தார்கள். அந்த வருடத்தின் கடைசி நாளில் அவர்களே மனுவை மீளப் பெற வேண்டி வந்தது. 2025 ஜூனில் வந்த பெரிய சமரசத் தீர்ப்பின்படி ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களோடு பங்கிடலாம். காசு கொடுக்கலாம், ஆனால் ஊழியர் எண்டு சொல்லமாட்டோம். 1957இல் காப்பாற்றிய அந்தக் கோட்டை இன்னும் காப்பாற்றுகிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. எல்லாரையும் ஊழியர் ஆக்கினால், வருமானம் இல்லாத சின்னக் கல்லூரிகள் நீச்சலையும் மல்யுத்தத்தையும் இழுத்து மூடிவிடும் என்கிறார்கள். அந்தப் பயத்தைச் சும்மா ஒதுக்க முடியாது. ஆனால் சம்பளம் வேறு, காயத்துக்குப் பொறுப்பு வேறு. சம்பளம் கொடுக்க வசதியில்லாத கல்லூரிக்கும், தன்னுடைய சீருடையோடு ஆடி உடைந்த காலைத் திருத்திக் கொடுக்கிற கடமை இருக்கு. அதற்குக்கூட வழி இல்லை என்றால் அந்த விளையாட்டை நடத்துகிற தகுதியே அந்தக் கல்லூரிக்கு இல்லை. ஆண்டுக்கு ட்ராஃப்டில் போகிற ஏறத்தாழ 260 ஃபுட்போல் வீரர்களுக்கு மட்டும் 'பெறுமதி' இருக்கிறது, என்.சி.ஏ.ஏயின் மிச்ச ஐந்து லட்சம் பேருக்கும் முழங்கால் மட்டும்தான் இருக்கிறது. காப்புறுதி அந்த முழங்காலில் இருந்து தொடங்க வேண்டும்.

இதை இங்கே இருந்து ஏன் எழுத வேண்டும்? எங்கட பெடியள் பெட்டையளும் அந்தப் பக்கம் போகிறார்கள். 2021இல் 2.30 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைச் சாதனை வைத்த உஷான் திவங்க அப்போது டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் பாய்ந்துகொண்டிருந்தார். விளையாட்டுப் புலமைப்பரிசில் கடிதம் ஒரு வீட்டுக்கு வந்தால் ஊரே கொண்டாடும். கொண்டாடட்டும். ஆனால் மாணவர் விசாவில் போகிறவர் அங்கே விளம்பரத்தில் உழைப்பது விசா விதியோடு முட்டும். அம்மா அப்பாவுக்கு அமெரிக்க மருத்துவக் காப்புறுதி கிடையாது. அந்த நாட்டு வீரரைவிட இவர் கையில் இருப்பது இன்னும் குறைவு.

அதனால் கடிதம் வந்தால் கையெழுத்துக்கு முதல் நாலு கேள்வியை எழுத்தில் கேளுங்கோ. காயம் பட்டால் சத்திரசிகிச்சைக்கு யார் காசு கட்டுவது? எத்தனை வருடத்துக்கு? ஆட முடியாமல் போனாலும் புலமைப்பரிசில் தொடருமா? எனக்கு ஆலோசனை சொல்ல வருகிறவருக்குக் காசு கொடுப்பது யார்? பதிலை வாயால் சொல்லி "நாங்க பாத்துக்கொள்ளுவம்" எண்டு சிரித்தால், அந்த வசனத்துக்கு எழுபது வருடச் சரித்திரம் இருக்கு எண்டு ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ.